வரும்

எப்பியூசியோஸ்.
வேறெந்தக் கிரேக்கனும் இதை வாய்விட்டுச் சொன்னதற்குத் தடயமில்லை.
அந்த ஒரு செபத்தில் மட்டும்
பாணை ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

எகிப்து மண்ணில் கிடைத்த ஒரு வீட்டுச் செலவுக் கணக்கில்
இதைக் கண்டதாக ஒருமுறை சொன்னார்கள்.
கடலை, வைக்கோல், பிறகு இது.
பிறகு தாள் தொலைந்தது.
நெடுங்காலம் கழித்து அகப்பட்டபோது
மறுபடி வாசித்தார்கள்:
எண்ணெய்.
வெறும் எண்ணெய்.
எனக்கு அந்த ஏமாற்றம் பிடித்திருந்தது.

உவர்மலையில், கரகரத்துச் சுற்றும் விசிறிக்குக் கீழே
ஏழு பேர், மூன்று நாள், ஒரு பெயரடை.
'அன்றாட' போதும் என்றார் வணபிதா எமிலியான்.
வாய் பழகிவிட்டது,
மாற்றினால் சனம் செபத்தின் நடுவில் இடறும்.
கொறற்றி சகோதரி பலகையில் சொல்லைப் பிளந்தார்:
'ஊசியா' என்றால் இருப்பு.
அப்படியென்றால், உயிர் தரிக்க வேண்டிய பாண்.
நான் வேறிடத்தில் பிளந்தேன்.
மேலே, வருதல்.
மேல்வருகிற நாள்.
நாளைக்குரிய பாணை இன்றைக்குத் தா.

"அதே அதிகாரத்தில், கொஞ்சம் கீழே,
நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றவர்
இதைக் கேட்கச் சொல்வாரா?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் எமிலியான்.
"மன்னாவை மறுநாளுக்கு வைத்தவர்களுக்குப்
புழு வைத்தது தெரியாதா?"

தெரியும்.
எங்களுக்கு எறும்பு வைத்தது.
சண்டைக் காலம், பள்ளிக்கூட மண்டபம்,
ஆளுக்குக் கால் றாத்தல்.
அம்மா தன் பங்கில் பாதியைத்
துவாயில் சுற்றித் தலைமாட்டில் வைப்பா.
இருட்டில் கைவிட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.
இருக்கிறது.
அதற்குப் பிறகுதான் நித்திரை.
வயிறு அப்போது நிறைந்துதான் இருந்தது,
கிட்டத்தட்ட.
இதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.
மொழியியல் ஆதாரம் கேட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் விடியற்புறம்
துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல்
விளக்கணைக்காமல் கிடந்தது,
சீனக்குடா மா ஆலை கூப்பிடும் என்று.
பற்றறி இறங்கிய பாட்டோடு
மலையேறி வந்தது நௌபீரின் பாண் ஓட்டோ.
"கிம்புலா பனிஸ் முடிஞ்சிட்டு சேர்.
நாளைக்கு வேணுமெண்டா இண்டைக்கே சொல்லி வைங்க."

நாளைக்கு. இன்றைக்கே.
மீதிக்காசோடு முழு வசனத்தையும்
கையில் வைத்துவிட்டு ஓட்டோவைத் திருப்பினான்.
"வரும்தானே?" என்றேன்.
"வரும் சேர். ஒவ்வொரு நாளும் வருந்தானே."

வரும்.
வழக்கமாக நடப்பதற்கும்
இன்னும் நடக்காததற்கும்
எங்கள் மொழியில் ஒரே விகுதி.
ஐந்தரைக்கு வரும் வெளிச்சம்,
நாளை வரும் வெளிச்சம்:
இடையில் கோடு கீற
இலக்கணக்காரர்கள் மறந்துபோனார்கள், அல்லது மறுத்துவிட்டார்கள்.
எமக்கு வரும் பாண்.
'அன்றாட'வும் இதற்குள், 'நாளை'யும் இதற்குள்.

ஆனால், கப்பலுக்கும் கரண்டுக்கும்
வெளிநாட்டுக் கடிதத்துக்கும்
விசாரித்துவிட்டு விடுவதாகக் கூட்டிப்போன பிள்ளைக்கும்
நாங்கள் சொன்னது இந்தச் சொல்லைத்தான்.
சிலது வந்தது.
இப்படிப்பட்ட சொல்லைச் செபத்துக்குள் விடலாமா என்று
மேசை வரைக்கும் நடக்கையில் யோசித்தேன்.

வாசித்தேன்.
கொறற்றி சகோதரி தலையாட்டினார்,
கையை உயர்த்தவில்லை.
ஐந்துக்கு ஒன்று. ஒருவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
எனக்கு அடிக்குறிப்பில் ஒன்றரை வரி,
கடுகெழுத்தில்.

ஞாயிறு, எல்லோரோடும் சேர்ந்து
'அன்றாட' என்றேன்.
நாக்கு இடறவில்லை.

இரவு, சொல்லி வைத்த பாண் மேசையில் இருந்தது.
அதை ஏன் துவாயில் சுற்றினேன் என்று தெரியவில்லை.
விளக்கை அணைக்க வந்த சுகிர்தா பார்த்தாள்.
"பேணிக்குள்ள வையுங்கோ," என்றாள்,
"எறும்பு வரும்."